ஏழாந் தூணுல அஞ்சாவது ஆணி

சத்தியமாச் சொல்லுதேன், இதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. பொய்யின்னு எவனாவது காட்டிட்டான்னா, இனிமே எந்தச் சர்ச்சு அசன விருந்துல நான் உக்காந்தாலும் என் எலையில எலும்பு மட்டும் விழட்டும், கறி பூரா பக்கத்து எலைக்குப் போவட்டும். இதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்தச் சத்தியம் பண்ணுவான்? கேளுங்க. நம்மூரு நாசரேத்துல பந்தல் போட்டுக்கிட்டு இருந்தான்லா ஏசுவடியான், அவன் இப்ப இங்கிலாந்துல, ஸ்டாஃபர்ட்சயர் பக்கம், பென்னிஃபோர்டு ஹால்னு ஒரு நானூறு வருசத்து மரவீட்டு மாடியில, மத்தியானம் ரெண்டு மணி பத்து நிமிசத்துக்கு, ஏழாம் நம்பர் தூணுல முதுக ஒட்ட வச்சிக்கிட்டு நிக்கான். சோத்தாங்கை பின்னால போயிருக்கு. அதுல பெருவெரலு தூணுல இருக்குத ஒரு ஓட்டைக்குள்ள. பீச்சாங்கை பேண்டுப் பாக்கெட்டுல. அதுக்குள்ள அந்த ஓட்டையில இருந்து உருவிக்கிட்டு வந்த மர ஆணி. காலடியில ஒரு கட்டப் பை, பையச் சுத்தி உருளக்கெழங்கு. மேல எங்கனயோ கிர்ர்ருன்னு ஒரு சத்தம். மனுசன் மூச்ச நிப்பாட்டிட்டான். வீடு விழுவுதா, இல்ல சும்மா சோம்பல் முறிக்குதா? சத்தம் நின்னுட்டு. இவன் மூச்ச விட்டான். திருப்பியும் கிர்ர்ரு. அட சவமே, நான் மூச்சு விட்டதுக்கா? அப்ப விடாம இருக்கணுமா? எவ்வளவு நேரம்? அஞ்சு மணிக்குத்தான டூட்டி முடியும்.

எல்லாம் இந்தக் கெழங்கால வந்தது. கெழங்கச் சொல்லி என்ன செய்ய, பையால வந்தது. பை என்ன செய்யும், அதக் கொண்டு மாட்டுன கையச் சொல்லணும். அவன் கை அப்பிடி. சுவத்துல எது நீட்டிக்கிட்டு நின்னாலும் அதுல எதையாவது மாட்டலேன்னா அந்தக் கைக்குத் தூக்கம் வராது. நாசரேத்து வீட்டுல காலண்டர் ஆணியில சட்ட, சட்டைக்கு மேல கைலி, கைலிக்கு மேல பந்தக் கயிறுன்னு தொங்கி, மார்ச்சு மாசத்துக்கு மேல அந்த வீட்டுல தேதியே கெடையாது. கிரேசு, அவன் பொண்டாட்டி, அவதான் நர்சு, அவ விசாவுல ஒட்டிக்கிட்டுத்தான் இவன் ஏரோப்ளேன் ஏறுனது, அவ சொல்லுவா, “அத்தான், நான் செத்துக் கைய நீட்டிக்கிட்டுக் கெடந்தா அதுலயும் ஒரு துண்ட மாட்டிட்டுத்தான் அழ ஆரம்பிப்பீய.” சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. இப்பச் சிரிப்பாளா? இந்த வீட்டுல பாத்தா ஒவ்வொரு தூணுலயும் ரெண்டு வெரலு நீளத்துக்கு மர ஆணி நீட்டிக்கிட்டு நிக்கி. மொத்த வீட்டுக்கும் இரும்பாணி ஒன்னு கெடையாது. தூணுல பள்ளம் வெட்டி, உத்திரத்துல நாக்கு வெட்டி, நாக்கப் பள்ளத்துக்குள்ள சொருவி, குறுக்க ஓட்ட போட்டு மர ஆணிய அடிச்சு எறக்கிட்டா முடிஞ்சுது சோலி. ஆணியோட வால வெட்டிச் சமமாக்கல. பின்னால லூசாச்சுன்னா இன்னும் ரெண்டு தட்டு தட்டலாம்னு அந்தக் காலத்து ஆசாரி நீட்டி விட்டுட்டான். ஏசுவடியானுக்கு என்ன தோணிச்சு? நமக்குப் பை மாட்டத்தான் விட்டு வச்சிருக்கான்னு தோணிச்சு. ஏழாந் தூணுல தோள் ஒசரத்துக்கு ஒன்னு, அளவெடுத்து அடிச்ச மாதிரி. இங்கன வேலைக்குச் சேந்த நாளுல இருந்து மூணு மாசம் மாட்டுனான். சோத்து டப்பா, சுக்குக் காப்பி பிளாஸ்கு, கொடை. ஆணி ஒரு வார்த்த பேசல. இன்னைக்குக் காலையில கிரேசு சொன்னா, கடையில அஞ்சு கிலோ உருளக்கெழங்கு ஆஃபருல கெடக்காம், விட்டுராதீயன்னு. விடல. வாங்கிப் பையில போட்டு மாட்டுனான். ரெண்டு அஞ்சுக்குக் காப்பி எடுக்கப் பைய இழுத்தான். பையும் வந்துச்சு. ஆணியும் வந்துச்சு. மூணு தடவ திருப்பிச் சொருவுனான், மூணு தடவையும் ஆணி வெளிய எட்டிப் பாத்துக் கையில விழுந்துச்சு. அப்பத்தான் ஓட்டைக்குள்ள பெருவெரல விட்டான். ஏதாவது ஒன்னு உள்ள இருக்கணும்லா.

வீடு எப்பிடிப்பட்டதுன்னு கேக்கீயளா? வெளிய இருந்து பாத்தா வெள்ளச் சுவத்துல கறுப்புக் கறுப்பாச் சட்டம், நேராவும் சாய்வாவும். கொழுத்த மனுசன் ஒருத்தன் பட்டாபட்டி டவுசரோட வயக்காட்டுல நிக்குத மாதிரி இருக்கும். மாடி கீழ்வீட்டத் தாண்டி ரெண்டடி முன்னால தள்ளிக்கிட்டு நிக்கும். அதுக்கு மேல்மாடி இன்னும் ரெண்டடி. தொப்பக்காரன் பந்தியில பாயாசத்த எட்டிப் பாக்குத மாதிரி. சட்டத்துக்கு எடையில உள்ள சுவரு எதுல செஞ்சதுன்னு மொத நாளு பெரில் அம்மாகிட்டக் கேட்டான். பெரில் அம்மாதான் வீட்டுக்குப் பொறுப்பு, எழுவத்தஞ்சு வயசு, நாப்பது வருசமா இங்கனயே சோலி. அந்தப் பக்கத்துக்காரவ பிரியமா யாரையும் “வாத்து”ன்னுதான் கூப்பிடுவாவ, அது அவிய வழக்கம். “குச்சியப் பின்னி, அதுல களிமண்ணு, வைக்கோலு, மாட்டுச் சாணி கொழச்சு அப்புனது, வாத்து”ன்னுச்சு அம்மா. ஏசுவடியானுக்குச் சிரிப்பு அடங்கல. எங்கூருல சாணிச் சுவத்துக்குள்ள இருந்தவன் எல்லாம் அத இடிச்சுத் தள்ளுததுக்கு ஆள் தேடுதான், இங்கன டிக்கெட்டு எடுத்து வரிசையில நின்னுல்லா பாக்காவ! ஆனா ஒன்னு அவனுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஓக்கு மரத்தப் பச்சையா வெட்டி, தரையில வீட்டையே படுக்க வச்சுப் பொருத்திப் பாத்து, ஒவ்வொரு பொருத்துலயும் உளியால நம்பரு வெட்டி, திருப்பிக் கழட்டி, வண்டியில ஏத்திக் கொண்டாந்து இங்கன தூக்கி நிறுத்துனாவளாம். நாங்களும் அதத்தான செஞ்சோம்? சவுக்குக் கம்பு, மூங்கிலு, லாரியில ஏத்து, எறக்கு, தூக்கு. எங்க பந்தலு மூணு நாளு நின்னாப் போதும், இந்த ஆசாரி நானூறு வருசம் நிப்பாட்டிட்டான். பச்ச மரம் நின்ன நெலையிலயே காஞ்சு முறுக்கிக்கிட்டு, இந்த வீட்டுல நேரா நிக்குதது பெரில் அம்மா மட்டுந்தான். தரை அலையலையாக் கெடக்கு. கெழங்கு போட்டா ஓடும். இப்பக்கூட ஒன்னு ஓடிக்கிட்டு இருக்கு, பெரிய கெழங்கு, அவசரமே இல்லாம, கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா மாதிரி ஒவ்வொரு ஜன்னலா நின்னு நின்னு மாடிப்படியப் பாத்துப் போவுது. ஓடிப் போயிப் புடிக்கலாம். புடிக்கப் போனா வெரலு வெளிய வரும். வெரலு வெளிய வந்தா?

மத்த தூணுல எல்லாம் நாலு நாலு ஆணி. ஏழாந் தூணுல மட்டும் அஞ்சு. இது அவனா எண்ணிக் கண்டுபுடிச்சது இல்ல, புஸ்தகத்துல இருக்கு. வாசல்ல விக்குத புஸ்தகத்துல பதினாலாம் பக்கத்துல போட்டோவே போட்டுருக்கு. கிரேசுதான் வாசிச்சுக் காட்டுனா; அவனுக்கு இங்கிலீசு எழுத்து தனித்தனியா நின்னா அடையாளம் தெரியும், கூட்டமா நின்னாத் தெரியாது. யாரோ ஒரு புரொபசரு எழுதியிருக்காரு: மாடியில உள்ள இந்த நீள ஹாலு பெறவு சேத்துக் கட்டுனது, மழையில நனையாம நடக்கணும்னு மொதலாளிக்கு ஆச, கீழ உள்ள மரம் தாங்காதுன்னு ஆசாரி சொல்லியிருப்பான், மொதலாளி கேட்டுருக்க மாட்டாரு, மேல கல்லு ஓடு வேற, மொத்தப் பாரமும் ஏழாந் தூணுலதான் எறங்குது, அது அந்த ஆசாரிக்குத் தெரிஞ்சிருக்கு, அதனாலதான் அஞ்சாவதா ஒரு ஆணி, அவன் ஞானத்துக்கு இந்த ஒத்த ஆணி சாட்சி. அன்னைக்கு ஏசுவடியானுக்குப் பெரும தாங்கல. என் பை தொங்குத ஆணி புஸ்தகத்துல வந்துருக்கு பாத்தியாட்டி! இப்ப அந்த ஞானம் பாக்கெட்டுக்குள்ள கெடந்து தொடையக் குத்துது. ஒரு ஆணிக்கு என்ன ஆயிரும்னு வேற ஒருத்தனா இருந்தா நெனைப்பான். பந்தக்காரன் நெனைக்க மாட்டான். ஒரு முடிச்சுக்கு என்ன ஆயிரும்னு நெனைச்சவன்தான அவன். ஊருல முந்நூறு பேரு எலையில உக்காந்த அசனம். பந்தக் கால்ல முடிச்சு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, சட்டையக் கழட்டி மாட்டுனான், பரிமாற ஓடணுமேன்னு வெடுக்குன்னு உருவுனான், சட்டையோட முடிச்சும் அவுந்துச்சு. ஒன்னே ஒன்னு. ஒன்னும் ஆகல. அதுதான் கொடும, மொத ஒரு நிமிசம் ஒன்னுமே ஆகல. பாஸ்டரையா ஜெபத்துல இருந்தாரு. பெறவு பந்தலு பெரிய பசுமாடு மாதிரி முன்னங்கால மடக்குச்சு, பின்னங்கால மடக்குச்சு, அலுங்காம எல்லாரு மேலயும் உக்காந்துச்சு. ஒருத்தருக்கும் காயமில்ல. துணியத் தூக்கிக்கிட்டு வெளிய வந்த பாஸ்டரையா தலையில கறிக்கொழம்பு. “ஏலே ஏசுவடியான், ஆமென் சொல்லுத வரைக்குமாவது விட்டுருக்கலாம்லா?”ன்னாரு. இப்பவும் நெனைச்சாச் சிரிப்பு வருது. சிரிச்சா முதுகு ஆடும், சிரிக்கக் கூடாது. மொத ஒரு நிமிசம் ஒன்னும் ஆகாது. இப்ப அந்த ஒரு நிமிசத்துலதான் நிக்கமா? மூணு நாள் பந்தலுக்கு ஒரு நிமிசம்னா நானூறு வருச வீட்டுக்கு எவ்வளவு நேரம்? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்குமா? வெரலு அதுவரைக்கும் தாங்குமா? சாப்பாடு எப்பிடி? ஒன்னுக்கு எப்பிடி?

பாக்கெட்டு நடுங்குச்சு. ஆணியும் நடுங்குச்சு. வீடு ஆட ஆரம்பிச்சுட்டுன்னு கண்ண மூடிட்டான். போனுதான். கிரேசு. “அத்தான், கெழங்கு வாங்குனீயளா?” “வாங்குனேன்.” “என்ன இப்பிடி மெதுவாப் பேசுதீய?” “சத்தம் போட்டா ஆடும்.” “எது ஆடும்?” “ஏட்டி, ஒரு வீட்டுல ஒரு ஆணி போச்சுன்னா என்ன ஆவும்?” “நம்ம வீட்டுலயா?” “இல்ல.” “அப்ப நமக்கென்ன?” கிரேசு நர்சுல்லா, நோவு எங்கன இருக்குன்னு அழுத்திப் பாக்காம விட மாட்டா. “அத்தான். எதையும் மாட்டுனீயளா?” இவன் காலடியில கெடக்குத பையப் பாத்தான். “சட்டையா?” “கெழங்கு.” “பதினாலாம் பக்கத்து ஆணியிலயா?” “அதுலதான்.” அங்கன இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அழுகையோன்னு பயந்துட்டான். கேட்டா சிரிப்பு. அடக்கி அடக்கிப் பாத்து மூக்கு வழியா வந்த சிரிப்பு. “போயிச் சொல்லிருங்க அத்தான்.” “சொன்னா வேல போயிரும்ட்டி. என் வேல போனா உன் ஞாயித்துக்கெழம போயிரும்.” அதுதான் அவன் தொண்டையில நிக்குத முள்ளு. இவனுக்கு இந்த வேல கெடச்ச பெறவுதான் கிரேசு ஞாயித்துக்கெழம டூட்டிய விட்டா. ஆஸ்பத்திரியில வாரம் பூரா ஆளுகளத் தூக்கி எறக்கி இடுப்பு விட்டுப் போச்சு அவளுக்கு. இப்ப ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயி, பாட்டுக் குழுவுல கூரை அதிர ஒரு பாட்டுப் பாடிட்டு, மத்தியானம் வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குவா. இவன் பக்கத்துல உக்காந்து டிவி பாக்குத மாதிரி அந்தத் தூக்கத்தப் பாத்துக்கிட்டு இருப்பான். ஏழு வருசமாச் சோறு போட்டவளுக்கு இவன் குடுத்தது அந்த ஒரு தூக்கந்தான். கிரேசு சொன்னா, “வீடு விழுந்தா அங்க உள்ள அத்தன பேரையும் எங்க வார்டுக்குத்தான் கொண்டாருவாவ. அப்ப ஞாயித்துக்கெழம எனக்கு டபுள் டூட்டி. யோசிச்சுக்கிடுங்க.” வச்சுட்டா.

யோசிக்க எங்க விட்டாவ? சலங்கச் சத்தம் கேக்கு. கீழ வாசல் முத்தத்துல இன்னைக்கு அந்தூரு ஆட்டம். பென்சன் வாங்குத பெரியவருமாரு வெள்ள உடுப்பு, தொப்பியில பூ, கெண்டக்கால்ல சலங்க, கையில கைக்குட்டையும் கம்பும் வச்சிக்கிட்டு எதுக்க எதுக்க நின்னு தரைய மிதிச்சுக் குதிப்பாவ. முத்தத்துல குதிக்குத வரைக்கும் நமக்கென்ன. ஆனா சலங்க படியேறுது. ஜல். ஜல். மாடியில ஒரே நேரத்துல பன்னெண்டு பேருக்கு மேல விடக் கூடாது. அத எண்ணுததுதான் ஏசுவடியான் வேல, அதுக்குத்தான் அவன் கழுத்துல ஒரு கிளிக்கு மெசின் தொங்குது. கண்ணாலயே எண்ணுனான். பதிமூணு இருக்கணும் ஆண்டவரே, பதிமூணு இருந்தா ஒருத்தனச் சாக்கு வச்சு எல்லாரையும் நிப்பாட்டிருவேன். பத்து, பதினொன்னு, பன்னெண்டு. அதோட படி காலி. எண்ணிப் பாத்துல்லா வந்துருக்கானுவ! முன்னால வந்தவரு ரோஜர், தாடி நெஞ்சு வரைக்கும், தொப்ப அதுக்கு முன்னால. நீள ஹாலப் பாத்ததும் அவரு மொகம் சின்னப்புள்ள மொகமா ஆயிட்டு. “இந்தத் தரையப் பாத்துட்டுக் கால எப்பிடிய்யா சும்மா வைக்க? ஒரே ஒரு ஆட்டம், ஆடிட்டு எறங்கிருதோம்”ன்னு இவனப் பாத்துக் கண்ணடிச்சாரு. பன்னெண்டு பேரும் ஆறாறா எதுக்க எதுக்க நின்னாச்சு. ஏசுவடியான் வாய மூடிக்கிட்டு நின்னான். மூடிக்கிட்டே இருந்துரலாம். விழாமலும் போவலாம். விழுந்தாலும் ஆட்டத்தால விழுந்துச்சும்பாவ, ஆணியால விழுந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? ஞாயித்துக்கெழம பத்திரமா இருக்கும். கிரேசு தூங்குவா. இவன் பக்கத்துல உக்காந்து பாப்பான். பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? ரோஜர் கால் ஒசருது. பசுமாடு முன்னங்கால மடக்குது.

“ஏ, நில்லுங்கவே!”

சுத்தத் தமிழு. ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது, ஆனா பன்னெண்டு பேரும் நின்னாவ, ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி. பெறவு கையில இருந்த இங்கிலீசயெல்லாம் கொட்டிட்டான் ஏசுவடியான். வீடு ஒடஞ்சு போச்சு. நான்தான் ஒடச்சேன். ஆணி இந்தா என் கையில இருக்கு. பதினாலாம் பக்கம். நான் புடிச்சுக்கிடுதேன், நீங்க எல்லாரும் ஓடிருங்க! சொல்லி முடிச்சதும் உள்ளுக்குள்ள ஒரே அமைதியாயிட்டு, வேலையும் போச்சு, பயமும் போச்சு. ஆனா ஒருத்தரும் ஓடல. ரோஜர் ஆணியப் பாத்தாரு, தூணப் பாத்தாரு, கம்பக் கீழ போட்டுட்டு நேரா வந்து ரெண்டு கையாலயும் தூண அணைச்சுக்கிட்டாரு. “தனியாவா புடிச்சுக்கிட்டு நின்ன? நானும் புடிக்கேன்.” மத்த பதினொரு பேரும் ஜல் ஜல்லுன்னு ஓடி வந்து, தூணுக்கு எடம் பத்தாம ஆளுக்கொரு சட்டத்தையும் சுவத்தையும் முட்டுக் குடுத்தாவ. தொப்பிப் பூவெல்லாம் சாணிச் சுவத்துல நசுங்குது, சலங்க ஒவ்வொன்னும் நடுங்குது. ஒரு ஆளு ஆண்டவர வேண்டவே ஆரம்பிச்சுட்டாரு. அந்த நேரத்துல பெரில் அம்மா கையில ஒரு கெழங்கோட படியேறி வருது. “படியெறங்கி வந்துச்சே, இது யாரு கெழங்கு?”

ஏசுவடியான் ஆணிய நீட்டுனான். அம்மா வாங்கிப் பாத்துச்சு. மொகம் பீட்ரூட்டு மாதிரி செவந்து போச்சு. ஆச்சு, கத்தப் போவுதுன்னு இவன் தலையக் குனிஞ்சான். அம்மா கத்தல. ஆட்டக்காரவளப் பாத்து, “கண்ணுகளா, வீட்டுக்கு ஒன்னும் ஆவாது, எறங்குங்க, கீழ டீ ஊத்தியாச்சு”ன்னு அனுப்பி வச்சிட்டு, நாலாபக்கமும் பாத்துட்டு, இவன் காதுகிட்ட வந்துச்சு. அம்மா பேசுனது இங்கிலீசு, நான் நம்ம பேச்சுல சொல்லுதேன். “வாத்து, இது என் ஆணி.” “என்னது?” “எண்பத்தொம்பதுல ஒரு மழக்காலம். எனக்குக் கோட்டு மாட்ட எடமில்ல. லீவு நாளுல டிரில்லு கொண்டாந்து ஓட்ட போட்டு, ஒரு தொடப்பக் கம்ப நறுக்கி அடிச்சேன். நெறம் வரட்டும்னு ரெண்டு நாளு டீயில ஊறப் போட்டேன்.” “அப்ப அந்தப் புரொபசரு?” “வந்தாரு. தடவிப் பாத்தாரு. ஆசாரிய நெனைச்சுக் கண்ணு கலங்குனாரு. அந்த மனுசன்கிட்ட தொடப்பக் கம்புன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?” “அப்ப வீடு?” “வீடு அது பாரத்துலயே நிக்கி. மரம் காஞ்சு ஒன்ன ஒன்னு கவ்விக்கிட்டு நிக்கி. மிச்ச நாலையும் உருவுனாக்கூட அசையாது. உருவிப் பாத்துராத.” இவன் வெரல எடுக்கப் பாத்தான், வீங்கிப் போயி வரல. அம்மா மர பாலிசத் தடவித் தடவி உருவி விட்டுச்சு. “என் வேல?”ன்னு கேட்டான். “நான் வாயத் தொறந்தா உன் வேல போவும், நீ வாயத் தொறந்தா என் வேல போவும். எனக்கு இந்த வேல புடிச்சிருக்கு. உனக்கு?” ஒரு பழைய டிக்கெட்ட ஆணியில சுத்தி, ஓட்டையில வச்சு, செருப்புக் குதியால நாலு அடி. கச்சிதமா நின்னுச்சு. “கெழங்கு மட்டும் கீழ வை, வாத்து.”

கீழ முத்தத்துல ஆட்டம் ஆரம்பிச்சுது. கம்பு கம்பு மேல மோதுது, சலங்க குதிக்குது, மாடித் தர கொஞ்சம் கிர்ர்ருங்குது. ஏசுவடியான் மூச்ச நல்லா இழுத்து விட்டான். போனெடுத்தான். “ஏட்டி, ஞாயித்துக்கெழம என்ன பாட்டு?” “வேல இருக்கா அத்தான்?” “வேலையும் இருக்கு, வீடும் இருக்கு.” அவ சிரிக்குதது காதுல கேக்க, அவனுக்குத் தெரியாமலே கை பைய எடுத்துச்சு, டப்பாவும் பிளாஸ்கும் கொடையும் மட்டும் உள்ள, அஞ்சாவது ஆணியில மாட்டிருச்சு.

அம்மாவும் அவனும் யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையடிச்சுக்கிட்டாவ. பெறவு உனக்கெப்பிடித் தெரியும்னு கேக்காதீய. ரகசியத்தையும் அவன் எங்கனயாவது மாட்டித்தான ஆவணும்? என் காதுல மாட்டிட்டான். இப்ப உங்க காதுல தொங்குது, அதுக்குக் கூலி உண்டு: ஆளுக்கு ஒரு சாயா, கூட ரெண்டு மொளகா பஜ்ஜி, சூடா. சில்லற இல்லன்னு நழுவப் பாக்காதீய. நழுவுனீயன்னா ஒருநா உங்க வீட்டுக்கு விருந்துக்கு வருவேன். நல்லாச் சாப்பிடுவேன். போவும்போது ஒரே ஒரு ஆணிய உருவிட்டுப் போயிருவேன். எந்த ஆணின்னு மட்டும் சொல்ல மாட்டேன்.